குறுக்கிட்ட ஆலைக்காரன்



ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் சாசர் என்ற பெயரைக் கேட்காதவர் இருக்க முடியாது. நம் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலம் படித்த பலர் 'கேன்டர்பரி கதைகள்' நூலின் முகப்புரையைப் பாடமாகப் படித்திருப்பார்கள். நைட் எனப்படும் போர்வீரர் எப்படிப்பட்டவர், மடத்துத் தலைவி எப்படிச் சாப்பிடுவார், துறவிக்கு வேட்டையில் ஏன் அவ்வளவு ஆசை என்றெல்லாம் குறிப்பெழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். பெரும்பாலும் அதோடு சாசர் முடிந்துபோகிறார். முகப்புரை 858 வரிதான். அதோடு நிறுத்திக்கொள்வது, பந்தலில் சந்தனம் வாங்கிக்கொண்டு கல்யாணத்தைப் பார்க்காமல் வீடு திரும்புவது போல. கல்யாணம் உள்ளே நடக்கிறது. அங்கே சண்டையும் நடக்கிறது. இன்று அந்தச் சண்டையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். ஜெஃப்ரி சாசர் 1340-களின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்தார். தந்தை ஒயின் வியாபாரி. பையன் அரச குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் மாளிகையில் பணியாளாகச் சேர்ந்தான். 1357-இல் அவனுக்குத் துணிமணி வாங்கிக் கொடுத்த கணக்கு இன்றும் இருக்கிறது. பிரான்சுடன் நடந்த போரில் பிடிபட்டான். 1360-இல் அவனை மீட்க மன்னர் மூன்றாம் எட்வர்ட் 16 பவுண்டு கொடுத்தார். பிறகு தூதுவராக இத்தாலிக்கு இரண்டு முறை போனார்: 1372-73-இல் ஜெனோவாவுக்கும் ஃபுளோரன்சுக்கும், 1378-இல் மிலானுக்கும். தாந்தே, பெட்ரார்க், பொக்காச்சியோ என்ற மூன்று இத்தாலிய எழுத்தாளர்களின் எழுத்தோடு அவருக்கு ஏற்பட்ட நெருக்கத்துக்கு இந்தப் பயணங்களே வழி.

1374 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் ஏற்றுமதிக்கான சுங்கக் கணக்கைப் பார்த்தார். கணக்கைச் சொந்தக் கையாலேயே எழுத வேண்டும் என்பது உத்தரவு. குடியிருந்தது நகரின் கிழக்கு வாசலான ஆல்ட்கேட்டின் மேல்மாடியில். 1381-இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் நுழைந்தபோது அவர்களில் ஒரு கூட்டம் அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. 1386-இல் கென்ட் பகுதியின் சார்பில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். அதே ஆண்டில் சுங்க வேலையும் போயிற்று, அந்த வீடும் போயிற்று. கேன்டர்பரி கதைகளை எழுதத் தொடங்கியது ஏறத்தாழ 1387-இல் என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் கணக்கு.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரண்மனைப் பேச்சு, துறைமுகப் பேச்சு, நீதிமன்றப் பேச்சு, மாலுமியின் பேச்சு, இத்தாலிய வணிகரின் பேச்சு, இத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கின்றன. அப்படிப்பட்ட காது இல்லாமல் இந்த நூல் வந்திருக்காது.

நூலின் ஏற்பாடு எளிமையானது. 1170-இல் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டவர் பேராயர் தாமஸ் பெக்கெட். மூன்றே ஆண்டில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் சமாதி இங்கிலாந்தின் பெரிய யாத்திரைத் தலமானது. ஏப்ரல் மாதத்தில், தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் சதர்க் பகுதியில் இருந்த டபார்ட் விடுதியில், யாத்திரை கிளம்பிய இருபத்தொன்பது பேர் தற்செயலாகச் சேர்கிறார்கள். கவிஞரும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். கேன்டர்பரிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் குதிரைப் பயணம். அலுப்புத் தெரியாமலிருக்க விடுதிக்காரர் ஹாரி பெய்லி ஒரு போட்டி வைக்கிறார். போகும்போது ஆளுக்கு இரண்டு கதை, வரும்போது இரண்டு கதை. சிறந்த கதை சொன்னவருக்கு இதே விடுதியில் மற்றவர்கள் செலவில் விருந்து.

கதைக்குள் கதை சொல்லும் முறை நமக்குப் புதிதல்ல. பஞ்சதந்திரமும் விக்கிரமாதித்தன் கதைகளும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொக்காச்சியோவும் அதற்கு முன்பே 'டெக்கமரானில்' பத்துப் பேரைக் கொண்டு நூறு கதை சொல்லவைத்துவிட்டார். ஆனால் வேதாளம் சொல்லும் கதைகளைக் கேட்டு வேதாளத்தின் குணத்தை நாம் தெரிந்துகொள்வதில்லை. பொக்காச்சியோவின் பத்துப் பேரும் கொள்ளை நோய்க்குப் பயந்து ஊரை விட்டு வந்த வசதியான இளைஞர்கள். ஒருவர் கதையை மற்றவர் சொல்லியிருந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. சாசரிடம் அப்படி மாற்றவே முடியாது. அவர் கதைகளில் பெரும்பாலானவை இரவல்தான். பிரெஞ்சிலிருந்து, லத்தீனிலிருந்து, இத்தாலியிலிருந்து எடுத்தவை. யார் சொல்கிறார்கள், எவரைப் பார்த்துச் சொல்கிறார்கள், கேட்டவருக்கு எங்கே சுட்டது: இதுதான் அவருடைய சொந்தச் சரக்கு. ஆங்கில இலக்கியத்துக்கு அவர் செய்த பெரிய உதவியும் இதுதான் என்பது என் கருத்து.

ஒரு காட்சியைப் பார்ப்போம். முதல் கதை நைட்டுக்கு விழுகிறது. பழைய கிரேக்க நாட்டுக் கதை. சிறையிலிருக்கும் இரண்டு இளவரசர்கள் சன்னல் வழியே ஒரே பெண்ணைப் பார்த்து ஒரே நேரத்தில் காதல் கொள்கிறார்கள். தெய்வங்களிடம் வேண்டுதல், மாபெரும் போட்டிக்களம், வென்றவன் குதிரையிலிருந்து விழுந்து சாவது, தோற்றவன் அவளை மணப்பது என்று கம்பீரமாகப் போகிறது. எல்லாரும், முக்கியமாக மேல்மட்டத்தார், பாராட்டுகிறார்கள். விடுதிக்காரர் அடுத்ததாகத் துறவியை அழைக்கிறார். இது சமூகத்தின் வரிசை. போர்ப் பிரபுவுக்கு அடுத்தபடி சமயத்தார்.

அப்போது மாவு ஆலைக்காரன் குறுக்கே வருகிறான். குதிரைமேல் உட்காரக்கூட முடியாத போதை. நைட் சொன்னதற்கு ஈடான கதை என்னிடம் இருக்கிறது என்கிறான். உன்னைவிட மேலானவர் ஒருவர் முதலில் சொல்லட்டும், கொஞ்சம் பொறு என்கிறார் விடுதிக்காரர். ஒன்று நான் பேசுவேன், இல்லையென்றால் என் வழியே போய்விடுவேன் என்று நிற்கிறான் அவன். வேறு வழியில்லாமல் விடுகிறார்கள். வாய் தவறி ஏதாவது வந்தால் சதர்க் பீரைத் திட்டுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குகிறான்.

அவன் சொல்வது ஆக்ஸ்போர்டில் ஒரு கிழத் தச்சனுக்கு வாய்த்த இளம் மனைவியின் கதை. அவள்மேல் ஆசைப்படும் இரண்டு இளைஞர்கள். அவர்களில் ஒருவன், நோவா காலத்து வெள்ளம் மறுபடியும் வரப்போகிறது என்று தச்சனை நம்பவைத்து, கூரையிலே தொட்டி கட்டித் தொங்கவிடச் செய்து, அவனை அதில் படுக்கவைக்கிறான். அதற்குப் பிறகு நடப்பதை இந்த மேடையில் விவரிக்க முடியாது. பச்சையான கதை. ஆனால் உற்றுப் பாருங்கள்: இரண்டு ஆண், ஒரு பெண். நைட் சொன்ன அதே முக்கோணம். நைட்டின் கதையில் பெண்ணைக் கேட்காமலே அவள் விதி முடிவாகிறது. ஆலைக்காரன் கதையில் பெண் தனக்கு வேண்டியதைத் தானே முடிவு செய்கிறாள். உயர்ந்த காதலுக்கு ஒரு தொழிலாளி சொன்ன பதில் அது. நைட்டின் கதையை இழிவுபடுத்துகிறது என்று சொல்ல மாட்டேன். அதை வேறொரு வெளிச்சத்தில் நிறுத்துகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்களுக்கு இரண்டுமே பழையபடி தெரியாது.

சங்கிலி அதோடு அறவில்லை. யாத்திரிகர்களில் ஒருவரான பண்ணைக் காரியஸ்தர் இளமையில் தச்சு வேலை கற்றவர். தச்சனைக் கேலி செய்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பக்கத்து டிரம்பிங்டனில் மாவு திருடும் ஓர் ஆலைக்காரன் கெட்ட கதையைச் சொல்லிப் பழி வாங்குகிறார். அந்தக் கதையில் வரும் இரண்டு மாணவர்கள் வடக்கத்திக்காரர்கள். அவர்கள் பேச்சை வடக்கத்தி வழக்கிலேயே எழுதியிருக்கிறார் சாசர். பாத்திரத்தைக் காட்டுவதற்காக வட்டார வழக்கை இப்படி எழுதியது ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்தவற்றுள் இதுவே முதல். கரிசல் பேச்சும் கொங்குப் பேச்சும் நாஞ்சில் பேச்சும் எழுத்தில் ஏறியதைக் கொண்டாடும் நமக்கு இதன் அருமை தெரியும்.

ஆலைக்காரன் கதைக்கு முன்னால் சாசர் வாசகரிடம் ஒன்று சொல்கிறார். எல்லாருடைய கதையையும் உள்ளபடி சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். பிடிக்காதவர்கள் தாளைப் புரட்டி வேறு கதையைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்கிறார். இதை வேடிக்கையாகச் சொன்னார் என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சபையில் உட்கார்ந்து கேட்பவருக்குத் தாளைப் புரட்டும் உரிமை கிடையாது. தனியே புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் ஒருவரை மனத்தில் வைத்து, எதைப் படிப்பது என்பதை அவர் கையிலேயே விடுகிறார்.

அடுத்து பாத் ஊர்க்காரி. பெயர் அலிசன். துணி நெய்வதில் கெட்டிக்காரி. மூன்று முறை ஜெருசலேம் போய்வந்தவள். ஐந்து கணவர்களைப் பார்த்தவள். ஒரு காது சரியாகக் கேட்காது. அவள் கதைக்கு முன்னால் தன்னைப் பற்றிப் பேசும் பகுதி 856 வரி. கதையோ அதில் பாதிகூட இல்லை. ஐந்தாம் கணவன் ஜாங்கின், படித்தவன், அவளைவிட இருபது வயது இளையவன். தினமும் இரவில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை உரக்கப் படிப்பான். ஏவாள் முதற்கொண்டு உலகத்துப் பெண்கள் எல்லாம் எப்படிக் கெட்டவர்கள் என்று சொல்லும் புத்தகம். ஒருநாள் பொறுமை போய், அவன் படித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று தாள்களைக் கிழித்து, அவன் கன்னத்தில் ஓர் அறை விடுகிறாள். அவன் பின்னால் சாய்ந்து நெருப்பில் விழுகிறான். எழுந்துவந்து தலையில் அடிக்கிறான். அவள் காது போனது அன்றைக்குத்தான். கடைசியில் வீடு, நிலம், பேச்சு எல்லாவற்றின் அதிகாரத்தையும் அவளிடம் கொடுத்துவிட்டு அந்தப் புத்தகத்தை நெருப்பில் போடுகிறான்.

சிங்கத்தை மனிதன் அடக்குவது போல ஓவியம் இருந்தால் அதை வரைந்தது யார் என்று கேள் என்பது ஈசாப்பின் நீதி. பெண்களும் புத்தகம் எழுதியிருந்தால் ஆண்களின் கெட்டதனத்துக்கு ஏடு போதாது என்று அவள் அதைத் தன் வாதமாக்குகிறாள். பதினான்காம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கேள்வி இது. அவளை முழுப் பெண்ணியவாதி என்று தூக்கிவைப்பதும் சரியல்ல. அவளைப் படைத்தவர் ஓர் ஆண். அவள் பேச்சின் பெரும்பகுதியைப் பெண்களைத் தூற்றிய நூல்களிலிருந்தே, புனித ஜெரோம் எழுதியதிலிருந்தும்கூட, எடுத்திருக்கிறார். ஆனால் தூற்றுவதற்காகச் சேர்த்த சொற்களையே தூற்றப்பட்டவளின் வாயில் வைத்தபோது அவை வேறு பொருள் தந்தன. அவளுக்குப் பதில் சொல்வதுபோல ஆக்ஸ்போர்டு மாணவர் பெட்ரார்க்கிடமிருந்து எடுத்த கிரிசெல்டா கதையைச் சொல்கிறார். கணவன் எவ்வளவு கொடுமை செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் மனைவி. அதைக் கேட்டு வணிகர் தன் கசப்பான மணவாழ்வைக் கொட்டுகிறார். ஒரு விவாதம் இப்படிக் கதைகளாலேயே நடக்கிறது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 1380-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றை வைத்து, செசிலி சோம்பெய்ன் என்ற பெண்ணிடம் சாசர் முறைதவறி நடந்திருக்கலாம் என்று நீண்ட காலமாக எழுதிவந்தார்கள். 2022-இல் வெளியான புதிய ஆவணங்கள், அந்த வழக்கு செசிலி தன் பழைய முதலாளியை விட்டுச் சாசரிடம் வேலைக்கு வந்தது தொடர்பானது என்று காட்டுகின்றன. பழைய விமர்சன நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன் பேசுகிறான். தன் மோசடியைத் தானே விளக்கிச் சொல்கிறான். கண்ணாடிக் குப்பியில் பன்றி எலும்பை வைத்துப் புனிதப் பொருள் என்று காட்டிக் காசு பறிப்பதையும், எல்லா ஊரிலும் பேராசை கெட்டது என்ற ஒரே பிரசங்கத்தைச் செய்வதையும், அந்தப் பிரசங்கத்தையே பேராசைக்காகச் செய்வதையும் மறைக்காமல் சொல்கிறான். பிறகு அதே பிரசங்கக் கதை. கொள்ளை நோய்க் காலம். மூன்று குடிகாரர்கள், தங்கள் நண்பனைக் கொண்டுபோன சாவு என்பவனைக் கொல்லப் புறப்படுகிறார்கள். வழியில் ஒரு கிழவர். அவருக்குச் சாவே வரவில்லை. தாயே, என்னை உள்ளே விடு என்று கைத்தடியால் பூமியின் கதவைத் தட்டித் தட்டி நடக்கிறார். சாவைத் தேடுகிறீர்களா, அந்த ஓக் மரத்தடியில் விட்டுவந்தேன் என்று கைகாட்டுகிறார். போய்ப் பார்த்தால் மரத்தடியில் குவியல் குவியலாகப் பொற்காசு. சாவை மறந்துவிடுகிறார்கள். இளையவன் உணவு வாங்க ஊருக்குப் போகிறான். எலி மருந்து என்று விஷம் வாங்கி மதுவில் கலக்கிறான். அவன் திரும்பியதும் மற்ற இருவரும் குத்திக் கொல்கிறார்கள். பிறகு அந்த மதுவைக் குடிக்கிறார்கள்.

இந்தக் கதை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? கேட்டதுதான். புத்த ஜாதகக் கதைகளில் 48-ஆவதான வேதப்ப ஜாதகத்தில், புதையலுக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு கடைசியில் மிஞ்சும் இரண்டு திருடர்களில் ஒருவன் சோற்றில் விஷம் வைக்கிறான், மற்றவன் வாளால் வெட்டுகிறான், பிறகு அந்தச் சோற்றைத் தின்று சாகிறான். நம் மண்ணில் பிறந்த கதைக்கரு கைமாறிக் கைமாறி இங்கிலாந்து வரை போயிருக்கிறது. ஜாதகத்தில் அந்தக் கிழவர் இல்லை. பேராசைக்காரன் ஒருவனே இந்தக் கதையைச் சொல்லும் ஏற்பாடும் இல்லை. கதை முடிந்ததும் அவன் செய்வதைப் பாருங்கள். தன் எலும்பு பொய் என்று ஒப்புக்கொண்ட கூட்டத்திடமே வந்து, முத்தமிட்டுக் காசு போடுங்கள் என்று கேட்கிறான்! விடுதிக்காரர் ஆபாசமாகத் திட்டுகிறார். வாய் ஓயாமல் பேசியவன் ஆத்திரத்தில் ஒரு சொல்லும் பேச முடியாமல் நிற்கிறான். நைட் குறுக்கே வந்து இருவரையும் சமாதானம் செய்துவைக்கிறார். மோசமானவன் வாயிலிருந்து ஓர் உண்மை வந்தால் அது உண்மையா? சாசர் பதில் சொல்லவில்லை. கேள்வியை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

சாசரைப் போற்றுவதற்காக எதையும் மூடிமறைக்கக் கூடாது. கன்னியர் மடத் தலைவி சொல்லும் கதை யூதர்கள்மேல் கொலைப்பழி சுமத்தும் கதை. அந்தப் பொய் ஐரோப்பாவில் எத்தனையோ உயிர்களைக் குடித்தது. 1290-லேயே இங்கிலாந்து யூதர்களை நாடு கடத்திவிட்டது. பார்த்தேயிராத மக்கள்மேல் வெறுப்பு மட்டும் மிச்சமிருந்தது. எலி பொறியில் மாட்டினால் அழும் தலைவியின் இரக்கம் எவ்வளவு குறுகியது என்று காட்டத்தான் சாசர் அப்படி எழுதினார் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. கதை கேட்ட யாத்திரிகர்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பல கதைகளுக்குப் பதில் வரும் நூலில் இதற்குப் பதில் இல்லை. அதைக் குறையென்றே நான் எழுதிவைப்பேன்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. அரண்மனைக்குப் பிரெஞ்சு, தேவாலயத்துக்கும் கல்விக்கும் லத்தீன் என்றிருந்த காலம். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடச் சட்டம் வந்ததே 1362-இல்தான். சாசரின் நண்பர் ஜான் கோவர் மூன்று மொழியிலும் ஒவ்வொரு பெருநூல் எழுதினார். சாசர் பெயரில் நமக்கு உறுதியாகக் கிடைத்த நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். பத்து அசையில் ஐந்து அழுத்தம் விழும் வரியை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தியவர் அவர். பின்னால் ஷேக்ஸ்பியரும் மில்டனும் எழுதியது அந்த அளவில்தான். உச்சரிப்பு மாறிச் சொல்லிறுதி உயிரொலி மறைந்ததால், பிற்காலத்தார் அவர் ஓசையைக் கரடுமுரடு என்று நினைத்தார்கள். 1700-இல் அவரை ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று போற்றிய கவிஞர் டிரைடனுக்கே வரிகளில் அசை குறைவதாகத்தான் தோன்றியது. 1775-இல் வெளிவரத் தொடங்கிய, அறிஞர் டிர்விட்டின் பதிப்பு அந்த ஓசையை மீட்டுக் கொடுத்தது.

முழுத் திட்டப்படி நூறுக்கு மேல் கதை வந்திருக்க வேண்டும். இருப்பது 24. அவற்றிலும் சமையற்காரன் கதை தொடங்கியவுடன் நிற்கிறது. கவிஞரே சொல்ல வந்த பாட்டை, போதும் நிறுத்து என்று விடுதிக்காரர் நிறுத்திவிடுகிறார். யாத்திரிகர்கள் கேன்டர்பரி போய்ச் சேரவில்லை. 1400-இல் சாசர் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் கைப்பட எழுதிய படி எதுவும் இல்லை. மற்றவர்கள் எழுதியவை எண்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்ற எல்ஸ்மியர் ஏட்டில், கதைகளின் தொடக்கத்தில் கதை சொல்பவரைக் குதிரைமேல் உட்காரவைத்து வண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். கதையில் வரும் இளவரசனையோ இளவரசியையோ வரையவில்லை, சொல்பவரைத்தான் வரைந்தார்கள். சாசர் செய்த புதுமை என்னவென்று அந்த ஓவியர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாணவர்களே, முகப்புரை தேர்வுக்கு வரும், படியுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ஆலைக்காரனின் முன்னுரை, பாத் ஊர்க்காரியின் முன்னுரை, மன்னிப்புச் சீட்டுக்காரனின் கதை, இந்த மூன்றையும் இந்தப் பருவம் முடிவதற்குள் படித்துவிடுங்கள். சாசர் காலத்து ஆங்கிலம் கடினமாக இருந்தால் இன்றைய ஆங்கிலத்தில் பெயர்த்த பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து, ஆளுக்கொரு குரலாகப் பிரித்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: முகப்புரையோடு கூட ஒரு முழுக் கதையையும், அதற்குப் பதில் சொல்லும் கதையையும் சேர்த்து வையுங்கள்.